மெக்சிகோவின் யுகதான் பகுதி ஹம்மாக் (தொங்கும் வலைப்படுக்கை) என்று விற்றுவிட்டு, கட்டை வைத்த வலையை அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மதுரை.
பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்.
பொருள்: தவறான பொருள் அனுப்பியது, அது அறுந்து என் தந்தை விழுந்தது, உங்கள் ஊழியரின் மரியாதையற்ற பேச்சு.

ஐயா / அம்மா,

வணக்கம். வாட்ஸ்அப், சாட், கஸ்டமர் கேர் என்று எல்லா வழியிலும் பேசி ஓய்ந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு புது டிக்கெட் எண் தருகிறீர்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ். எதைத் தீர்த்தீர்கள்? தயவுசெய்து நீங்களாவது முழுவதும் படியுங்கள்.

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றே வேலை பார்த்த உடம்பு, இடுப்பு வலி விடுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் வேம்பும் மாவும் எதிரெதிரே நிற்கின்றன. மதியத்தில் அங்கே கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும் என்றுதான் ஹம்மாக் வாங்கினேன். கையில் கிடைத்ததை வாங்கவில்லை, நன்றாக விசாரித்தேன். நம் வெயிலுக்கு உடம்பில் ஒட்டாத பருத்தி நூல் வேண்டும். இரண்டு பேர் படுக்கும் அகலம் வேண்டும், ஏனென்றால் நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளையும். அகலமான வலையில் மூலைவாட்டமாகப் படுத்தால்தான் முதுகு கிட்டத்தட்ட நேராக நிற்கும். முக்கியமாக, இரண்டு முனையிலும் வலையை விரித்துப் பிடிக்கும் கட்டை இருக்கக் கூடாது. உங்கள் பக்கத்தில் "யுகதான் கைநெசவு, பருத்தி, இருவர் அளவு" என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் 4,850 ரூபாய் கட்டினேன்.

வந்தது என்ன? நைலான் கயிறு, இரண்டு முனையிலும் மரக்கட்டை, ஒருவர் படுக்கும் அகலம். யுகதானில், டிஷ்கோகோப் போன்ற ஊர்களில் நெய்யும் வலைக்குக் கட்டையே கிடையாது. நூலெல்லாம் இரு முனையிலும் ஒரே வளையத்தில் குவியும், படுத்தவரை வலை இருபுறமும் அணைத்துக்கொள்ளும். கட்டை வைத்தால் வலை பலகையாக விரிந்து, உடம்பின் பாரம் மேலே ஏறிவிடும். கொஞ்சம் புரண்டால் கவிழும். இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே விற்கிறீர்கள்?

பெட்டியில் வைத்த தாளில் வரலாறெல்லாம் அச்சடித்திருக்கிறீர்கள். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள், 1492இல் கொலம்பஸ் பார்த்த பருத்தி வலைகள், பிறகு கப்பல்களுக்குப் போனது. சரி. ஆடுகிற கப்பலில் மாலுமிகள் விழாமல் தூங்கினார்கள் என்று பெருமையாக எழுதிவிட்டு, காற்றே இல்லாத கொல்லையில் என் அப்பாவைக் கவிழ்க்கிற பொருளை அனுப்பலாமா?

முதல் நாள் கவிழ்ந்தபோது பக்கத்தில் இருந்ததால் பிடித்துவிட்டேன். அன்றே மாற்றித் தரக் கேட்டேன். "இரண்டு நாளில் கால் வரும்" என்றார்கள். வரவில்லை. அதற்குள் அடுத்த வாரம் தலைமாட்டுப் பக்கம் வளையத்தில் கயிறு அறுந்தது. அப்பா கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை, ஆனால் மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் கிடந்தார்.

இனி உங்கள் ஊழியர் பேசியதைச் சொல்கிறேன். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "நீங்க இழுத்துக் கட்டியிருப்பீங்க சார், அறுந்துதான் போகும். இதுகூடத் தெரியாதா?" என்றார். உங்கள் தாளின் பின்பக்கத்தை எடுத்துப் பாருங்கள்: "தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்டவும்" என்று நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள்! கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து தொங்கினால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் அதுவே 200 கிலோ. இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது விற்கிற நீங்கள். இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அதற்கு அவர், "வயசானவங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாது சார், கயித்துக் கட்டில் வாங்கிக் குடுங்க" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பயணிகளிடம் மரியாதையாகப் பேசியே பிழைத்த மனிதர் அவர்.

கூரியர் கூத்தையும் சொல்ல வேண்டும். பிக்அப் வராது, நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள் என்றீர்கள். ரிங் ரோட்டுக்கு வெளியே இருக்கும் குடோனுக்கு, லீவு போட்டு, உச்சி வெயிலில் ஆட்டோவில் கட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். "கட்டை பெட்டிக்கு வெளியே நீட்டுது, எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் அனுப்பிய அதே பெட்டிதானே? வரும்போது நீட்டாதது போகும்போது நீட்டுமா? அந்த ஊழியரிடம் இதையும் சொன்னேன். "அது கூரியர் பிரச்சினை" என்று போனை வைத்துவிட்டார்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். சாட்டில் ஒரு பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டுப் பேசினார், அவருக்கு நன்றி. ஆனால் இந்த ஒரு பொருளால் எங்கள் கோடை முழுவதும் பாழாகிவிட்டது. வீட்டில் நிம்மதியே போய்விட்டது. அப்பா இப்போது கொல்லைப் பக்கமே போவதில்லை. இதற்கெல்லாம் என்ன விலை போடுவீர்கள்?

நான் கேட்பது: 4,850 ரூபாய் முழுவதும் திரும்ப வேண்டும். எக்ஸ்ரே, மருந்து, ஆட்டோ, சம்பளப் பிடித்தம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் இழப்பீடு வேண்டும். அந்த ஊழியர் என் அப்பாவிடம் நேரடியாகப் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட இதுதான் எனக்கு முக்கியம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியது உங்கள் கடமை. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போகும், அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் ஆட்கள்தான் மதுரைக்கு வர வேண்டியிருக்கும். பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அறுந்த கயிற்றின் படம், எக்ஸ்ரே பில், எல்லாம் இணைத்திருக்கிறேன்.

அந்த நிலைக்குப் போகாமல் பேசி முடிக்கவே விரும்புகிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்.

பி.கு.: சமாதானமாக அனுப்பிய 200 ரூபாய் கூப்பனை நான் பயன்படுத்தவில்லை. அதை இழப்பீடு கொடுத்ததாகக் கணக்கில் எழுத வேண்டாம். அந்தக் கட்டை வலை எங்கள் திண்ணையில்தான் கிடக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.