கியர் எண்ணிக்கை அல்ல, கியர்களின் இடைவெளி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஸ்போர்ட்ஸ் கார் ஒப்பீட்டில் பத்து கியர் ஆட்டோமேட்டிக்குக்கு எட்டு கியரைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தீர்கள். ‘கியர் அதிகம், அதனால் வேகமும் அதிகம்’ என்பதுதான் அதற்குச் சொன்ன ஒரே காரணம். அது பாதி உண்மை. காருக்குப் பெரும் பணம் கொடுக்கப்போகிற வாசகருக்கு மீதிப் பாதியும் தெரிய வேண்டும்.

கியர்பாக்ஸ் சக்தியை உண்டாக்குவதில்லை. எஞ்சினை அதன் உச்ச சக்திக்குப் பக்கத்திலேயே சுழல வைப்பதுதான் அதன் வேலை. ஆகவே பார்க்க வேண்டியது, மேல் கியருக்குப் போகும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் சுற்றுகள்) எவ்வளவு விழுகிறது, விழுந்த இடத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைத்தான்.

இதற்கு நல்ல சான்று ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 2017 வரை அதன் ஆட்டோமேட்டிக்கில் ஆறு கியர். 2018 மாடலில் பத்து. பழைய பெட்டியில் முதல் கியர் விகிதம் (பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் சுற்ற வேண்டிய சுற்றுகள்) 4.17, இரண்டாவது 2.34. 7000 ஆர்பிஎம்மில் மாற்றினால் ஆர்பிஎம் முள் சுமார் 3930-க்கு இறங்கிவிடும். புதியதில் 4.696, 2.985, 2.146, 1.769, 1.520 என்று போகிறது. 7500-இல் மாற்றினால் இரண்டாவது கியரில் 4770, மூன்றிலிருந்து நான்குக்குப் போகையில் 6180, நான்கிலிருந்து ஐந்துக்கு 6440. இந்த வி8 தன் 460 குதிரைத்திறனைத் தருவதே 7000-இல்தான். டர்போ இல்லாத, மேலே போகப்போகச் சக்தி ஏறுகிற இப்படிப்பட்ட எஞ்சினுக்கு நெருக்கமான கியர்கள் நிச்சயம் உதவுகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு: ஆர்பிஎம் குறைவாக விழுந்தால் பெட்டிக்குள் இருக்கும் கிளட்சுகள் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் குறையும், மாற்றமும் சட்டென்று முடியும்.

ஆனால் அதே காரில் மறுபக்கத்தையும் பாருங்கள். 3.55 ஃபைனல் டிரைவும் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கடைசிப் பற்சக்கர விகிதம்) 275/40 ஆர்19 அளவுப் பின் டயரும் வைத்துக் கணக்கிட்டால், பத்து கியர் பெட்டியில் முதல் கியர் 60 கி.மீ. வேகத்திலும் இரண்டாவது 94-லும் முடிந்துவிடும். நூறைத் தொட இரண்டு முறை மாற்ற வேண்டும். ஆறு கியரில் இரண்டாவதே 111 வரை போகும். ஒரே மாற்றம் போதும். 2018-இல் எஞ்சினும் 435-லிருந்து 460 குதிரைத்திறனுக்கு ஏறியது. எனவே நூறைத் தொடும் நேரத்தில் கிடைத்த லாபம் முழுவதையும் கியர்பாக்ஸின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

முதல் கியரை இன்னும் குறுக்கினாலும், அதாவது அதன் விகித எண்ணைக் கூட்டினாலும், பயன் இல்லை. இந்த மஸ்டாங்கின் உச்ச டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) சுமார் 570 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது சக்கரத்துக்குப் போகும்போது ஏறக்குறைய 27,000 நியூட்டன் தள்ளுவிசை ஆகிறது. சாதாரணச் சாலையில் இரண்டு பின் டயர்கள் பிடித்துக் கொடுக்கக்கூடியது 10,000 நியூட்டனை ஒட்டித்தான். மிச்சமெல்லாம் டயர் புகை.

டர்போ எஞ்சினுக்கு வருவோம். 340 குதிரைத்திறன் டொயோட்டா ஜிஆர் சுப்ராவில் பி.எம்.டபிள்யூ.வின் ஆறு சிலிண்டர் எஞ்சினும் இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியும் இருக்கின்றன. அந்த 340 குதிரைத்திறன் 5000 முதல் 6500 ஆர்பிஎம் வரை மாறாமல் கிடைக்கிறது. மூன்றாவது கியர் 2.172, நான்காவது 1.720, ஐந்தாவது 1.316, ஆறாவது 1.000. 6500-இல் மாற்றினால் ஒவ்வொரு முறையும் முள் 5000-ஐ ஒட்டியே வந்து நிற்கும். அதாவது மூன்றாவதுக்கு மேல் எஞ்சின் எப்போதும் முழுச் சக்தியில்தான் இருக்கிறது. அங்கே இன்னும் இரண்டு கியரைச் செருகினால் என்ன கிடைக்கும்? மாற்றங்களின் எண்ணிக்கைதான் கூடும்.

போர்ஷே இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. 992 என்ற குறியீட்டுத் தலைமுறை 911 கரேராவில் எட்டு கியர் பி.டி.கே. (போர்ஷேயின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்); உச்ச வேகம் வருவது ஆறாவதில். ஏழும் எட்டும் நெடுஞ்சாலையில் ஆர்பிஎம்மைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். அதே தலைமுறையில் பந்தயத் தடத்துக்காகச் செய்த ஜிடி3-க்கு எடை குறைந்த ஏழு கியர் பெட்டியையே வைத்தார்கள். 9000 ஆர்பிஎம் வரை சுழலும் எஞ்சின் அது. நெருக்கமான கியர்கள் எந்தக் காருக்காவது கட்டாயம் என்றால் இதற்குத்தான். எண்ணிக்கையைக் கூட்டாமலே அதைச் சாதித்திருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரை தொடாத இன்னொன்று, தடத்தில் பிரேக் பிடிக்கும் இடம். 200 கி.மீ. வேகத்தில் வந்து 80-இல் திருப்பத்துக்குள் நுழைகிறோம் என்று வையுங்கள். மேலே சொன்ன பத்து கியர் மஸ்டாங்கில் ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலை நான்கு முறை இழுக்க வேண்டும். ஆறு கியரில் நான்காவதிலிருந்து இரண்டாவதுக்கு இரண்டே இழுப்பு. காரின் எடை முன்னால் சாய்ந்து பின் டயர்கள் லேசாக இருக்கும் அந்த நேரத்தில், ஒவ்வொரு இறக்கத்திலும் ஆர்பிஎம் சரியாகப் பொருந்தாவிட்டால் வண்டியின் பின்பக்கம் ஆடும். ஒரு கியர் குறைவாக இழுத்துவிட்டால் திருப்பத்தை விட்டு வெளியேறும்போது இழுவை இருக்காது. பெட்டியைத் தானாக மாற்ற விட்டாலும் மென்பொருள் நன்றாக இல்லையென்றால் திருப்பத்தின் நடுவிலேயே கியர் தேடி அலையும்.

ஆகவே இனி வரும் ஒப்பீடுகளில் கியர் எண்ணிக்கைக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். அதற்குப் பதில் எல்லாக் கியர்களின் விகிதம், ஃபைனல் டிரைவ், டயர் அளவு, உச்ச சக்தி கிடைக்கும் ஆர்பிஎம் வரம்பு ஆகியவற்றை ஒரு சிறு அட்டவணையாகப் போடுங்கள். கூடவே இந்தக் கணக்கையும் அச்சிடுங்கள்: ஆர்பிஎம்மை டயரின் சுற்றளவால் (மீட்டரில்) பெருக்கி, அதை 0.06-ஆல் பெருக்கி, கியர் விகிதமும் ஃபைனல் டிரைவும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், அந்தக் கியரில் மணிக்கு எத்தனை கி.மீ. போகும் என்பது கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்