எதிர்ப்பு சக்தி கூடினால் எல்லோருக்கும் நல்லதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் உணவுகள்' கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் வந்தார். அவர் மருமகளுக்கு லூபஸ்; எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். "அக்கா, இதையெல்லாம் பொடி பண்ணிக் கொடுத்தா மாத்திரையைக் குறைச்சிடலாமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதிர்ப்பு அணுக்கள் என்றால் கிருமியோடு சண்டை போடும் சிப்பாய்கள் என்றுதான் கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறது. சிப்பாய் கூடினால் நல்லதுதானே?

அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அணுக்களுக்குச் சண்டையைத் தவிர ஓயாத வேலை ஒன்று உண்டு: உடம்புக்குள் சாகும் செல்களை அப்புறப்படுத்துவது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடானவற்றை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி, அதிலிருந்து நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பை மீட்டுத் தருகின்றன. சாப்பாட்டிலிருந்து நம் உடம்பு எடுத்துக்கொள்வதோ 1, 2 மில்லிகிராம்தான்.

மற்ற செல்கள் செத்தால் எப்படித் தெரியும்? சாவு வீட்டில் சங்கு ஊதுகிற மாதிரி, சாகும் செல், தன் ஆற்றலுக்காக வைத்திருக்கும் ஏடிபி போன்ற பொருள்களைக் கசியவிடும். அது எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் மேக்ரோஃபேஜ் நகர்ந்து வரும். உயிருள்ள செல்லின் உறையில் உள்பக்கமாகவே இருக்கும் ஃபாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு, சாகும்போது வெளிப்பக்கம் புரண்டுவிடும். அதை அடையாளம் கண்டுதான் விழுங்குகிறது. நல்ல செல்லின் மேலோ சிடி47 என்ற புரதம் இருந்து, விழுங்கவிடாமல் தடுக்கிறது. வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

லூபஸ்காரர்கள் பலருக்கு இது சரியாக நடப்பதில்லை. எடுக்காமல் கிடக்கும் செல் உடைந்து, உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ வெளியே சிந்துகிறது. உடம்பு அதற்கு எதிராகவே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. சிறுநீரகம், மூட்டு, தோல் எல்லாம் அடி வாங்குகின்றன. செத்த செல்லை அடையாளம் காட்ட உதவும் சி1க்யூ என்ற ரத்தப் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடுகிறது.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லூபஸைக் கண்டுபிடிக்க எல்.ஈ. (லூபஸ் எரிதிமடோசஸ்) செல் டெஸ்ட் செய்வோம். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் கண்டு சொன்ன செல் அது. ரத்தத்தை உறையவிட்டு, 37 டிகிரியில் வைத்து, கட்டியைச் சல்லடையில் நசுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, வெள்ளணுப் படலத்தை மட்டும் எடுத்து ஸ்லைடில் தேய்த்து, லீஷ்மன் சாயம் போட வேண்டும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கத் தேட வேண்டும். கிடைத்தால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒன்று வயிறு புடைக்க உட்கார்ந்திருக்கும். உள்ளே வழவழவென்று ஊதா உருண்டை. அது வேறொரு செல்லின் உட்கரு. இதன் சொந்த உட்கரு ஓரத்தில் ஒட்டி நசுங்கிக் கிடக்கும். உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் ஏஎன்ஏ டெஸ்ட் வந்தபிறகு இதை யாரும் செய்வதில்லை. இளம் டெக்னீஷியன்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

லூபஸுக்கு டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் எதிர்ப்பு மண்டலத்தைத் தணிக்கிற மருந்துகள். ஒரு கையால் அதைத் தணித்துக்கொண்டு மறு கையால் தூண்டிவிடப் பொடி கொடுப்பது என்ன நியாயம்? குழம்பில் போடும் மஞ்சளையும் மிளகையும் சொல்லவில்லை. சக்தியைப் பெருக்கும் என்று டப்பாவில் அடைத்து விற்பதைச் சொல்கிறேன். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும், சிறுநீரகம் வரைக்கும் போகும் என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது, லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது என்று ஒரு வரி கட்டம் கட்டிப் போடுங்கள். கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் வேண்டாம், தலைப்புக்குக் கீழேயே போடுங்கள்.

– ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், விருதுநகர்