சேகருக்கு ஒரு விதைப்புக் காலக் கடிதம்

புளூமிங்டன், இல்லினாய்
மே 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. விதைப்புக் காலம், இரவு பதினொன்றுக்கு முன்னால் வீடு திரும்பிய நாளே இல்லை. இன்று காலையிலிருந்து விடாமல் மழை, வயலில் யாரும் இறங்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், கொஞ்ச நாளைக்கு அடுப்புப் புகையில் நிற்க வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறாள். வீடு இப்போதே பாதி காலியானது போல இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். விதை போடும் மிஷினில் வரிசைக்கு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உருளை, எதற்கு, குழியில் போட்டு மூடினால் போதாதா என்று கேட்டிருந்தாய்.

உன் அப்பா ஏர் ஓட்டும்போது நாம் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், நினைவிருக்கிறதா? கெட்டித் தரை வந்தால் மேழியை அழுத்துவார். ஈரப் பள்ளத்தில் கையைத் தளர்த்துவார். மேழி வழியாகவே மண் அவர் கைக்குச் சொல்லிவிடும். அந்தக் கையை இரும்பிலும் எண்ணெயிலும் செய்து வைப்பதுதான் இத்தனை வருஷமாக என் வேலை.

இங்கே ஒரு பிளான்டர், அதாவது அந்த விதை போடும் மிஷின், 24 வரிசை, 60 அடி அகலம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒவ்வொரு வரிசையிலும் நொடிக்குப் பதினான்கு மக்காச்சோள விதை விழுகிறது. ஒவ்வொன்றும் இரண்டு அங்குல ஆழத்தில் விழ வேண்டும். ஆனால் அந்த 60 அடிக்குள் மண் ஒன்றுபோல இருப்பதில்லை. நடுவில் டிராக்டர் டயர் மிதித்த இடம், ஓரத்தில் போன அறுவடையில் வண்டி ஓடிய தடம், பள்ளத்தில் டிரம்மர் என்கிற கரிய மண், மேட்டில் வெளுத்த மண். டிரம்மர்தான் இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மண். நம் கரிசல் மாதிரியே ஈரத்தில் களியாகப் பிசுபிசுக்கும்.

ஒரு வரிசையின் அமைப்பைச் சொல்கிறேன். 'வி' வடிவில் சாய்ந்த இரண்டு வட்டத் தட்டுகள் மண்ணைக் கிழித்துச் சால் போடும். அவற்றை ஒட்டி இரண்டு பக்கமும் ரப்பர் சக்கரங்கள் தரைமேல் உருளும். தட்டு எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதற்கு அந்தச் சக்கரங்கள்தான் எல்லை. மேலிருந்து கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கை மண்ணைக் கிழிப்பதற்குத் தட்டுகள் எடுத்துக்கொள்ளும், மிச்சம் சக்கரத்தின் மேல் உட்காரும். எல்லா வித்தையும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. மிச்சம் இல்லையென்றால் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், விதை மேலாக விழுந்து காய்ந்த மண்ணில் கிடக்கும். மிச்சம் அதிகமானால் சக்கரம் சாலின் இரு பக்கத்தையும் இறுக்கிவிடும். நாற்பது ஐம்பது கிலோ மிச்சம் நிற்கும்படிதான் பெரும்பாலும் வைக்கிறோம், அதுவும் மண்ணைப் பார்த்து மாறும்.

முன்பெல்லாம் ஸ்பிரிங். காலையில் ஒரு துளையில் மாட்டினால் மாலை வரை அதே அழுத்தம். விதைப் பெட்டியின் எடையை யோசித்துப் பார். மூன்று புஷல் (இங்கே தானியம் அளக்கும் அளவு) பெட்டி நிறைந்தால் 76 கிலோ. விதை தீரத் தீர அந்த 76 கிலோவும் போய்விடும், ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. அப்புறம் காற்றுப் பை வந்தது. டிரைவர் சீட்டில் இருந்தபடியே அழுத்தத்தை மாற்றலாம். ஆனால் பையில் காற்று ஏறவும் இறங்கவும் நேரம் பிடிக்கும். பிளான்டரோ நொடிக்கு ஏழு அடிக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. பை நிறைவதற்குள் கெட்டித் தரையே கடந்துவிடும்.

எண்ணெய் அப்படி இல்லை, சொன்னதும் கேட்கும். சக்கரத்தின் சுமையை, சென்சார் பின் என்கிற ஆணி ஒன்று அளக்கிறது. அதைப் பார்த்து வால்வு அந்த வரிசையின் சிலிண்டருக்கு மட்டும் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. பக்கத்து வரிசைக்கு வேறு கணக்கு. மண் ரொம்ப இளகியிருந்தால் அதே சிலிண்டர் வரிசையை மேலே தூக்கியும் பிடிக்கும். கேட்க எளிது, செய்ய எளிதில்லை. எண்ணெய் சுருங்காது, அதுதான் சிக்கல். சிலிண்டருக்குள் அடைபட்டால் கம்பி மாதிரி விறைத்துவிடும், வரிசை ஒரு கல்லில் ஏறக்கூட இடம் கொடுக்காது. அதனால் வரிசை மேலும் கீழும் ஆட ஆட எண்ணெயை உடனுக்குடன் வெளியே விட்டு உள்ளே வாங்கி, அழுத்தம் மட்டும் மாறாமல் பிடிக்க வேண்டும். சென்சாரை ரொம்ப வேகமாக நம்பினால் பழைய தட்டைத் தண்டு ஒவ்வொன்றுக்கும் வால்வு பதறும். மெதுவாக நம்பினால் காற்றுப் பை கதைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கண்டுபிடிக்க எங்களுக்கு எத்தனையோ ஏக்கர் ஓட வேண்டியிருந்தது.

ஒரு தவறைச் சொல்ல வேண்டும், இன்னும் மனசில் உறுத்துகிறது. ஆறு வருஷம் முன்னால் ஒரு விவசாயியின் பிளான்டரில் நானே சென்சார் பின்களை மாட்டினேன். அந்தப் பின்னுக்குத் திசை உண்டு. அம்புக்குறி சுமை வரும் பக்கம் நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பி மாட்டிவிட்டேன். அது சுமையைக் குறைத்துக் காட்டியது, வால்வும் போதவில்லை என்று அழுத்திக்கொண்டே போனது. ஜூனில் அவர் கூப்பிட்டார். வயல் முழுக்க 24 வரிசைக்கு ஒன்று முழங்கால் உயரம்கூட இல்லாமல் நின்றது. கத்தியால் பக்கவாட்டில் மண்ணை வெட்டினேன். சாலின் சுவர் சாணி மெழுகிய திண்ணை போலப் பளபளத்தது. வேர்கள் அதைத் துளைக்க முடியாமல், சால் போன திசையிலேயே பனை விசிறி மாதிரித் தட்டையாகப் பரவியிருந்தன. அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. நஷ்டத்தைக் கணக்குப் போட்டு ஈடு செய்தோம். இன்றுவரை ஒவ்வொரு பின்னையும் மாட்டியதும், சக்கரத்தை மரக்கட்டையில் ஏற்றிச் சுமை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் நகர்வதில்லை.

நீயும் மாமாவும் புரட்டாசிக்கு டிராக்டர் விதைப்பான் வாடகைக்கு எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதில் ஸ்பிரிங்தான் இருக்கும், பரவாயில்லை. இருபது அடி ஓட்டியதும் நிறுத்தச் சொல். மண்ணை மெதுவாக விலக்கி நாலைந்து விதையின் ஆழத்தை விரலால் பார். வரிசைக்கு ஆழச் சக்கரம் இருந்தால், மிஷின் தரையில் இருக்கும்போதே அதைக் கையால் உருட்டிப் பார். தாராளமாகச் சுற்றினால் அழுத்தம் போதாது. அசையவே இல்லையென்றால் அதிகம். கொஞ்சம் வலித்துச் சறுக்கிச் சுற்ற வேண்டும். உங்கள் கிணற்றடிப் பள்ளத்தில் ஸ்பிரிங்கை ஒரு துளை தளர்த்தாமல் ஓட்ட விடாதே. மண்ணை உருண்டை பிடித்தால் உதிராமல் நிற்கிறதா, அன்று விதைக்கவே வேண்டாம். டிரைவர் அவசரப்படுத்துவார், நீ அசையாதே. வாடகை மணிக்கணக்கு என்றாலும் பரவாயில்லை.

முளைத்து இரண்டு வாரம் கழித்து, மேட்டில் இரண்டும் பள்ளத்தில் இரண்டுமாக நாலு செடியை மண்ணோடு வெட்டி எடு. வேரைக் கழுவி, எந்தத் திசையில் ஓடியிருக்கிறது என்று தெரியும்படி படம் பிடித்து அனுப்பு. படைப்புழு இந்த முறையும் வந்தால் அதையும் எழுது. பொங்கலுக்கு வருவதாக இருக்கிறோம். அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
ராஜா