சமூகவியல் பட்டமும் சொந்த ஊரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை, அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை நடைபெறும் இந்நாள்களில், பி.ஏ. சமூகவியலில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறார்கள். குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம், சமூகப்பணி முதுகலைக்குப் போகலாம், தொண்டு நிறுவனங்களில் கள ஆய்வாளராகலாம் என்று நானும் வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால், காவிரிப் படுகையில் ஒரு கல்லூரியில் இப்பாடத்தைத் தமிழ்வழி மாணவர்களுக்கு நெடுங்காலம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, அவர்கள் கேட்காத கேள்விதான் பெரிதாகப் படுகிறது: இந்த மூன்றாண்டில் அந்தப் பிள்ளை எதைப் படிக்கப் போகிறது?

ஒருமுறை தேர்வுக்கு முதல் நாள், வராந்தாத் தூணில் சாய்ந்தபடி ஒரு மாணவி, 'கிராஸ் கசின்' (அத்தை, மாமன் பிள்ளைகள்), 'பேரலல் கசின்' (பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள்) ஆகியவற்றின் இலக்கணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அத்தை மகன் உனக்கு என்ன முறை என்று கேட்டேன். "கட்டிக்கிற முறை, சார்" என்றார். பெரியப்பா மகன்? "அண்ணன்." சித்தி மகன்? "அதுவும் அண்ணன் தம்பிதான், சார்." இவ்வளவுதான் அம்மா உன் கையிலுள்ள நோட்ஸில் இருப்பது என்றேன், அவர் நம்பவில்லை, மறுபடியும் மனப்பாடத்துக்கே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதே முறைகளை ஆராயத்தான் பிரான்சிலிருந்து லூயி துய்மோன் என்ற அறிஞர் மதுரைப் பக்கம் வந்து பிறமலைக் கள்ளர்களிடையே தங்கினார். தாய்மாமன் என்பவர் தாயுடன் பிறந்தவர் என்பதைக் காட்டிலும் தந்தையின் மைத்துனர் என்பதே முக்கியம், சம்பந்தி உறவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது என்று 1957இல் எழுதினார். காதுகுத்திலும் சடங்கிலும் தாய்மாமன் சீர்த்தட்டு வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது பத்து நிமிடத்தில் விளங்கக்கூடியது. நாமோ அதைக் கோனார் உரைக்கும் கீழாக்கி, ஐந்து மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறோம்.

தஞ்சை மாவட்டத்து ஊர்களை வைத்து உலகச் சமூகவியலில் பேசப்படும் ஆய்வுகள் உருவாகியிருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் ஆராய்ந்து கும்பப்பேட்டை என்று பெயர் மாற்றி எழுதிய ஊரும், 1960களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெதெய் ஆராய்ந்து ஸ்ரீபுரம் என்று பெயரிட்ட ஊரும் இங்கேயே இருப்பவை. பெதெய் அக்ரகாரத்து வீடொன்றில் தங்கியவர். அதனால் சேரிக்குள் தாராளமாகச் சென்று பழகத் தமக்கு இயலவில்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவர். ஆய்வாளர் எந்தத் தெருவில் பாய் விரிக்கிறாரோ அதைப் பொறுத்தே அவருக்கு ஊர் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஆயினும் சமூகவியலின் முன்னோடியான ஆகஸ்ட் கோம்த் மனித அறிவு வளர்ச்சிக்குக் கூறிய மூன்று நிலைகளை வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் என் மாணவர்களில் ஒருவர் கையிலும் இந்த நூல்களை நான் கண்டதில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன; நூலகத்திலும் பூட்டிய அலமாரியில் இருந்தன.

ஓர் ஆண்டு, பாடத்திட்டத்தில் இல்லாதபோதும், அவரவர் ஊரை வரைபடமாக வரைந்து வரச் சொன்னேன். பெரும்பாலோர் கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று குறித்து வந்தார்கள். காலனியிலிருந்து வந்த ஒரு மாணவர், மேல்நிலைத் தொட்டியையும் அதிலிருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய் என்பதையும் துல்லியமாக வரைந்திருந்தார். ஆனால், ஊரின் நடுவே ஒரு தெரு மட்டும் வெறும் இரண்டு கோடாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்குள்ள நாங்க போனதில்ல, சார்" என்றார். அன்று வகுப்பில் வேறு பாடம் நடத்தவில்லை.

இப்படிச் செய்வது புதுமையும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துச் சொந்த ஊர்களை ஆராயச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்கள் அப்படித்தான் 1918இல் நூலாயின. இருபதாண்டு கழித்து அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆய்வாளர்கள் சென்றார்கள். அதற்குப் பிறகும் சென்றார்கள். நம் இளங்கலை மாணவர்களுக்கோ களப்பணி என்பது பெரும்பாலும் ஒரு நாள் வேன் பயணம், ஒரு முதியோர் இல்லம், வாசலில் ஒரு குழுப்படம், பிறகு முந்தைய ஆண்டு அறிக்கையின் நகல் என்று முடிந்துவிடுகிறது. நானும் அப்படிப்பட்ட அறிக்கைகளில் கையொப்பமிட்டவன்தான்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நான்காம் பருவத்துக்கும் ஐந்தாம் பருவத்துக்கும் இடைப்பட்ட கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரையோ தெருவையோ ஆராய்ந்து தமிழில் எழுதும் அறிக்கையை, ஒரு முழுத் தாளுக்குரிய மதிப்பெண்ணுடன் கட்டாயமாக்க வேண்டும். அதை வாய்மொழித் தேர்வில் அவரே விளக்கவும் வேண்டும். கஃப், பெதெய், துய்மோன் ஆகியோரின் தமிழகம் பற்றிய எழுத்துகளிலிருந்து தேர்ந்த இயல்களை, மாணவர் வாங்கக்கூடிய விலையில், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் வழியாகத் தமிழில் வெளியிடச் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துத் தர என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் ஊதியமின்றியே முன்வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகவியல் ஆசிரியர்,
கும்பகோணம்.