மாலுமியின் பதக்கமும் மனோராவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படையைப் பிரிட்டன் வென்ற டிரபால்கர் கடற்போரில் பங்கேற்ற இளம் பிரிட்டிஷ் மாலுமி ஒருவரின் பணிக்காலத்தையும் அவர் பெற்ற பதக்கத்தையும் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். கப்பல் வாழ்க்கையைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால், போர் முடிந்து கரை திரும்பிய கையோடு அரசு அவருக்குப் பதக்கம் அணிவித்தது என்ற பொருள்பட அதில் உள்ள வரி சரியன்று.

1805 அக்டோபர் 21 அன்று நடந்த அப்போருக்காக அரசு அளித்த தங்கப் பதக்கம் தளபதிகளோடும் கப்பல் தலைவர்களோடும் நின்றுவிட்டது. பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்து ஓடிய சிறுவர்களுக்கும் பாய்மரம் ஏறிய மாலுமிகளுக்கும் கிடைத்தது, பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் தம் கைப்பணத்தில் வார்த்துக் கொடுத்த வெள்ளீய வில்லைதான். அரசின் வெள்ளிப் பதக்கம் 1847இல்தான் அறிவிக்கப்பட்டது. பதினான்கு வயதில் டிரபால்கரில் இருந்தவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அதுவும் தானாக வீடு தேடி வரவில்லை. உயிரோடு இருப்பவர் தாமே 1851ஆம் ஆண்டுக்குள் விண்ணப்பித்துக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அதற்கு முன்பே இறந்துவிட்டவரின் மனைவி மக்கள் உரிமை கோர வழியில்லை. அன்று பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்தவர்கள் சுமார் 17,000 பேர் என்றால், டிரபால்கர் பெயர் பொறித்த பட்டையுடன் இப்பதக்கத்தைப் பெற்றவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. 1815இல் நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூவில் போரிட்ட தரைப்படையினருக்கோ, கடைநிலைச் சிப்பாய் வரை, மாண்டவர்களின் குடும்பத்தாரையும் விடாமல், அடுத்த ஆண்டிலிருந்தே பதக்கம் வழங்கினார்கள். ஒரே அரசு, ஒரே எதிரி. கடலில் நின்றவனுக்கு மட்டும் நாற்பது ஆண்டுக் காத்திருப்பு.

காவிரிப் படுகைக்காரனாகிய எனக்கு இதில் அக்கறை ஏற்படக் காரணம் மனோரா. மல்லிப்பட்டினத்தை அடுத்த கடற்கரையில் அறுகோண வடிவில் எட்டு அடுக்குகளாக நிற்கும் அந்தக் கோபுரத்தை, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் நெப்போலியன் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூரும் பொருட்டுத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பினார் என்பதை அதன் கல்வெட்டே சொல்கிறது. அதில் உள்ள ஆண்டு 1814. அந்த வெற்றியில் பங்கு கொண்ட மாலுமியின் பெயரை அவன் நாட்டு அரசு வெள்ளியில் பொறிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே, தஞ்சைச் சீமையில் அந்த வெற்றிக்குக் கோபுரம் எழுந்துவிட்டது! கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டிருந்த மன்னர் தம் நட்பைக் காட்ட வேறென்ன செய்திருப்பார் என்பது தனிக் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரிட்டிஷ் தளபதி எட்வர்டு ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பல்களும் மோதின. திடீரெனக் காற்றுத் திசை மாறி இரு அணிகளும் கலைந்துபோனதால் வெற்றி தோல்வி தெளிவாகாமல் முடிந்த அந்தச் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 77 பேர் மாண்டார்கள். 1847இல் அறிவித்த பதக்கம் 1793 முதலான போர்களுக்கே உரியது என்பதால், நம் கரையோரம் போரிட்ட மாலுமிகளுக்கு அதில் இடமே இல்லாமல் போயிற்று.

அந்தப் பதக்கத்தின் ஒரு புறத்தில் விக்டோரியா அரசியின் தலையும், மறுபுறத்தில் திரிசூலம் ஏந்திக் கடற்குதிரை மேல் அமர்ந்த பிரிட்டானியாவும் உள்ளன. நாடா வெள்ளை, ஓரங்களில் கருநீலம். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் பெற்றவரின் பெயர் இருக்கும். சாதாரண மாலுமியாயின் பெயர் மட்டுமே, கப்பலின் பெயர் இராது. ஆகவே ஒரே பெயரில் பலர் இருக்கும்போது, பழைய கப்பல் பதிவேடுகளோடு ஒத்துப்பார்க்காமல் 'இவர்தான் அவர்' என்று முடிவு கட்டுவது ஆபத்து. கட்டுரையாளர் இதைச் செய்தாரா என்பதைத் தெரிவித்தால் நன்று.

எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா என்றாலே மனோராவுக்குத்தான் வருகிறார்கள். கோபுரத்தைக் கட்டியவர் பெயரோடு, அது எந்தப் போரை நினைவூட்டுகிறது, அதில் உழைத்த சிறுவர்களுக்கு என்ன கிடைத்தது, நாகைக் கடலில் என்ன நடந்தது என்பவற்றையும் நல்ல தமிழில் எழுதிய விளக்கப் பலகை ஒன்றை அங்கே வைக்குமாறு தொல்லியல் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பட்டுக்கோட்டை.