நர்சுகளை முடிவெடுக்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நர்சுகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே சம்பளம், ஆள் பற்றாக்குறை என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். சரி, இரண்டும் உண்மைதான். ஆனால் தன் வேலையில் தானே முடிவெடுக்க அவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லையே!

ஒரு நோயாளிக்குச் சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் (கதீட்டர்) இனி தேவையில்லை என்பது பக்கத்திலேயே இருக்கும் நர்சுக்குத் தெரியும், ஆனாலும் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து சொல்லும்வரை அது அப்படியே கிடக்கும், ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் ஏறிக்கொண்டே போகும். எழுதி வைத்த விதிமுறைப்படி நர்சே அதை எடுக்கலாம் என்று அனுமதித்த பல மருத்துவமனைகளில் குழாய் இருக்கும் நாட்களும் குறைந்தன, தொற்றும் குறைந்தது.

வேலைப்பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் மனதை அதிகம் வாட்டுகிறது என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் ஆள் தட்டுப்பாட்டுக் காலத்திலும் நர்சுகளைத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை 1983இல் ஆராய்ந்தபோதும், அங்கே நர்சுகளின் தொழில்முறைச் சுதந்திரம் மதிக்கப்பட்டது தெரியவந்தது.

பொறுப்பு முழுவதும் நர்சின் தலையில், அதிகாரம் மட்டும் வேறொருவர் கையில் என்றால் எத்தனை வருடம்தான் உற்சாகம் தாங்கும்? அப்புறம், சிறந்த நர்சு விருதும் கேக்கும் கொடுத்து அதைச் சரிக்கட்டப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஷிஃப்ட் அட்டவணை போடும்போதாவது அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அதற்குப் பணம்கூடச் செலவாகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்