எல்லா நத்தையும் ஆபிரிக்க நத்தை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கியதும் வளவுகளில் பெருகும் ஆபிரிக்க நத்தையைப் பற்றிக் கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பப்பாசிக் கன்றை ஒரே இரவில் மொட்டையாக்கும் பிராணி அது. அதை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் "நத்தையைக் கண்டால் உப்பைத் தூவுங்கள்" என்று பொதுவாக எழுதியது மனதை உறுத்துகிறது. எங்கள் ஒழுங்கையில் அன்றிரவே இரண்டு வீட்டார் உப்புப் பையோடு இறங்கிவிட்டார்கள். விடிந்ததும் மதிலோரம் கிடந்த ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். பதினேழில் ஆறுதான் ஆபிரிக்க நத்தை. மற்றப் பதினொன்றும் இந்த மண்ணில் பிறந்தவை.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமான காரியமில்லை. ஆபிரிக்க நத்தையின் ஓடு கூம்பாக நீண்டு, கபில நிறத் தீற்றல்களோடு இருக்கும். நம்முடைய கிரிப்டோசோனா நத்தையின் ஓடு தட்டையானது, மங்கிய மஞ்சள், சுற்றிலும் மெல்லிய கபில வரி. சந்தேகம் வந்தால் வாலைப் பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் ஊரவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால், கிரிப்டோசோனாவின் வால் நுனி சட்டென்று வெட்டிவிட்டது போல முடியும். அந்த இடத்தில் குழி போன்ற சிறிய பிளவு ஒன்று, அதன் மேலே குட்டிக் கொம்பு போன்ற ஒரு மேடு. பிளவுக்குள்ளிருந்து சளி கசிந்துகொண்டே இருக்கும். ஆபிரிக்க நத்தையின் வாலில் இந்தக் குழி கிடையாது.

அந்த வால் குழி, அரியோபான்டிடே என்ற குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரந்த குடும்பம் இது. இதில் பல இனங்களுக்கு உடற்போர்வையின் மடிப்புகள் வெளியே நீண்டு ஓட்டின் மேல் படரும். ஆனால் ஓட்டின் தோற்றத்தை மட்டும் நம்பி வகைப்படுத்தினால் ஏமாந்துபோவோம். ஒரே மாதிரி ஓடு வெவ்வேறு குடும்பங்களிலும் வரும். அதனால்தான் ஆய்வாளர்கள் உடலை அறுத்து இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்கிறார்கள். உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்துக்கு ஒரு காலத்தில் தன் பெயர் சூட்டப்பட்ட நில அளவையாளர் கோட்வின் ஆஸ்டின், இந்தச் சின்னஞ்சிறு உயிர்களை அறுத்துப் படம் வரைவதில் பல வருடங்களைச் செலவழித்தவர். மலையை அளந்தவருக்கு நத்தையும் சிறிதாகத் தோன்றவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இலங்கையில் மட்டுமே உள்ள ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'இராவணா'. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாமல் போனதே! நம் நாட்டில் ஏறத்தாழ 250 வகை நிலநத்தைகள் உண்டு, அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை.

ஆபிரிக்க நத்தையின் கதை வேறு. கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து மொரிசியஸ் வந்து, 1847இல் கல்கத்தாவில் விடப்பட்டு, 1900 அளவில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. ஆண், பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பது நம் கிரிப்டோசோனாவுக்கும் பொது. ஆனால் ஆபிரிக்க நத்தை ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் முட்டையிடும், ஒருமுறை கூடியதை வைத்துப் பல மாதங்கள் கழித்தும் இடும். நம்முடையது கச்சான் வீசும் மாதங்களில் ஓட்டின் வாயைச் சளிப் படலத்தால் மூடிக்கொண்டு மரப்பட்டை இடுக்கில் ஒட்டிக் கிடக்கும். மழை வந்தால் இறங்கி உதிர்ந்த இலைகளைத் தின்னும். இளங்கீரையையும் கடிக்கும், அதை மறைக்கவில்லை. அதற்காக மொத்தமாக அழிப்பதா?

உப்பு அந்த உடலிலுள்ள நீரை உறிஞ்சித் துடிக்கவைத்துக் கொல்கிறது. அப்புறம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கோடையில் கிணறே உவர்க்கும் ஊரில் நாமே தோட்டத்துக்கு உப்பு போடலாமா? இரவில் டோர்ச்சும் கையுறையும் போதும். ஆபிரிக்க நத்தையை மட்டும் பொறுக்குங்கள். பூச்சாடிக்கு அடியிலும் ஈரமான குப்பைக்குள்ளும் மிளகு அளவில், வெளிர் மஞ்சளாகக் குவிந்திருக்கும் முட்டைகளையும் தோண்டி எடுங்கள். எந்த நத்தையையும் வெறுங்கையால் தொட வேண்டாம். மூளைக்காய்ச்சல் தரும் எலி நுரையீரல் புழு நத்தைகள் மூலம் பரவக்கூடியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இரண்டு நத்தைகளின் படங்களையும் வால் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வந்ததும் வெட்டியெடுத்து, எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள கடைச் சுவரில் நானே ஒட்டிவைக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.